சாயத்தைச் சோதித்தவர் யார்?

ஒருவருடைய பொய்ம்மை வெளிப்பட்டுவிட்டால், 'அவருடைய சாயம் வெளுத்துவிட்டது' என்று கூறுவது நம்மிடையே வழங்கும் மரபு. உள்ளதை மறைப்பது சாயம் என்னும் எண்ணம் இவ்வழக்கினுட் பொதிந்துள்ளது. சாயத்தைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளுக்கும் இது பொருந்தும். அவற்றிலே கண்டுபிடித்தவரின் பெயர் உண்டு. கம்பனிகளின் பெயர் உண்டு. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கங்கள் உண்டு. சாயத் தொட்டியினுட் கைவைத்து நின்றவரின் தோல் என்ன ஆயிற்று, சாயத்தூளை அளந்து கொட்டியவரின் மூச்சு என்ன ஆயிற்று என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை காண்பது அரிது.

நாம் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். இரசாயனம் நமது துறையன்று. எனினும், ஒரு பொருளின் வரலாற்றை அதனை ஆக்கிய மனிதரிடமிருந்து பிரித்துக் கூறுதல் தகாது என்பதை இலக்கிய வரலாறு நமக்குக் கற்பித்துள்ளது. அந்நோக்கிலேயே இவ்விடயத்தை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். ஒரு சாயம் தோலை எரிக்குமா, கண்ணைக் கெடுக்குமா, சுவாசத்தைத் தாக்குமா என்று அறிவதற்கு இன்று முறையாக வகுக்கப்பட்ட சோதனைகள் உள்ளன. அச்சோதனைகள் எப்பொழுது தோன்றின? யாருடைய உடலைக் காப்பதற்குத் தோன்றின? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

செயற்கைச் சாயத்தின் வரலாற்றை வில்லியம் ஹென்றி பேர்க்கினுடன் தொடங்குவது வழக்கம். 1856ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், பதினெட்டு வயது இளைஞராகிய அவர், இலண்டனிலே தம் வீட்டில் அமைத்திருந்த சிறிய ஆய்வுகூடத்தில், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அனிலீனைக் கொண்டு செய்த பரிசோதனையின் இறுதியிற் கரிய வண்டலொன்று எஞ்சியது. அதனை மதுசாரத்திற் கரைத்தபொழுது கத்தரிப்பூ நிறம் தோன்றியது. பட்டிலே தோய்த்தால் வெயிலுக்கும் வெளுக்காத நிறமாக அது விளங்கியது. அவ்வாண்டிலேயே அவர் ஆக்கவுரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் தந்தையினதும் தமையனினதும் துணையுடன் தொழிற்சாலை அமைத்தார். 1858இல் விக்ரோறியா மகாராணி தம் மகளின் திருமணத்துக்கு இந்நிறத்து ஆடை அணிந்து சென்றதும் நாகரிக உலகம் முழுவதும் அந்நிறத்தின்மேல் மோகங் கொண்டது.

இக்கதை உண்மையானதே. ஆயின் இதில் விடுபட்டுப்போன பொருளொன்று உண்டு. அனிலீனை ஒட்சியேற்றுவதற்குப் பேர்க்கின் பயன்படுத்தியது பொற்றாசியம் இருகுரோமேற்று என்னும் செம்மஞ்சட் பளிங்குப் பொருள். பேர்க்கின் பிறப்பதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே, 1827இல், கிளாஸ்கோ நகர வைத்தியரான வில்லியம் கமின் என்பவர், இப்பொருளின் கரைசலிற் கைவைத்து வேலைசெய்த சாயத் தொழிலாளரின் கைகளிலே தோன்றிய புண்களைப் பற்றி மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதியிருந்தார். சிறியதொரு கீறலிலே தொடங்கி, வட்டமாகக் குழிந்து, தசையினுள் இறங்கும் புண் அது. பிற்காலத்திலே 'குரோமப் புண்' என்று பெயர்பெற்றது. அதன் தூள் மூக்கினுட் படிந்தால், மூக்கின் நடுத்தண்டிலே துளை விழுவதும் உண்டு.

எனவே, செயற்கைச் சாயம் பிறந்த நாளிலேயே அதன் ஆக்கத்துக்கு வேண்டிய ஒரு பொருளின் தீங்கு ஏட்டிலே எழுதப்பட்டிருந்தது. எழுதுவதற்கு ஆதாரமாக இருந்தவை தொழிலாளரின் கைகள். கமினுடைய குறிப்பு தொழிற்சாலையின் வாயிலைக் கடந்து உள்ளே செல்லவில்லை. சாய இரசாயனத்தின் பிற்கால வரலாறு முழுவதிலும் இதே நிலையை நாம் மீண்டும் மீண்டும் காண்கின்றோம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். செயற்கைச் சாயமே தீங்கானது, இயற்கைச் சாயம் தூயது என்று கூறுவோர் நம்மிடையே உளர். முன்னைய காலத்தைப் பொற்காலமாகக் காண்போர்க்கு இவ்வாதம் உவப்பானது. ஆயின் வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. அனிலீன் என்னும் பெயரே 'நீலம்' என்னும் இந்தியச் சொல்லின் வழிவந்தது. அவுரியிலிருந்து பெற்ற நீலத்தைக் காய்ச்சி வடித்தே அப்பொருளை முதலிற் பெற்றனர். அந்த நீலத்துக்காகவே வங்காளத்துக் குடியானவர் தமது நெல்வயல்களிலே அவுரி பயிரிடுமாறு வெள்ளைத் தோட்டக்காரராற் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1859இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1860இல் அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. தீனபந்து மித்திரரின் 'நீலதர்ப்பணம்' நாடகமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. நமது நாட்டில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்ட சாயவேர் ஒல்லாந்தக் கும்பனியின் ஏகபோகத்துக்கு உட்பட்டிருந்தது. அதனைத் தோண்டியவர் எளிய மக்களே. சாயம் செடியிலிருந்து வந்ததா, தாரிலிருந்து வந்ததா என்பது முதலாவது வினாவன்று. அதனை ஆக்குவோர்க்கும் ஆக்குவிப்போர்க்கும் இடையிலுள்ள உறவு யாது என்பதே முதலாவது வினா.

பேர்க்கினைத் தொடர்ந்து ஐரோப்பா எங்கணும் சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1859இல் பிரான்சிலே செந்நீலச் சாயமாகிய பியூசின் ஆக்கப்பட்டது. மஜந்தா எனவும் அதனை அழைப்பர். விரைவிலே அதன் ஆக்கத்துக்குப் பாடாணம் எனப்படும் ஆசனிக்கிலிருந்து பெறும் அமிலம் பெருமளவிற் பயன்படலாயிற்று. மலிவாகவும் மிகுதியாகவும் ஆக்க அது துணைசெய்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே, ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவு நிலத்தினுள் இறங்கி, அயலிலிருந்த கிணற்று நீரில் ஆசனிக்கு கலந்து, அதனைக் குடித்தோர் நோயுற்றனர். 1864இல் இது வெளிவந்தபின் உரிமையாளர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, நட்டஈடு வழங்கவும் நேர்ந்தது. அயலவர் வழக்கிட இயன்றது. அதே ஆசனிக்கு அமிலத்தை நாள்தோறும் கிளறிக்கொண்டிருந்த தொழிலாளரோ வேலையை இழக்காமல் முறையிட வழியற்றிருந்தனர்.

இக்காலத்திலே தான் சாயத்தின் தீங்கு முதன்முதலாகப் பொதுமக்களின் பேச்சுக்குரிய பொருளாயிற்று. அதற்குக் காரணமாயிருந்தவை காலுறைகள். செவ்விய நிறங்களிற் கோடுகளிட்ட காலுறைகள் 1860களில் ஐரோப்பிய நகரங்களிலே பெருவழக்காயின. அவற்றை அணிந்தோர் சிலரின் பாதங்களிலே கொப்புளங்கள் தோன்றின. 1868இல் இங்கிலாந்தின் இரசாயன அறிஞர் வில்லியம் குறூக்ஸ் இத்தகைய சாயங்களை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு பாரிசு நகரில், சட்ட மருத்துவத் துறையிற் புகழ்பெற்ற அம்புறுவாஸ் தார்தியே என்னும் வைத்தியரிடம் ஓர் இளைஞர் வந்தார். அவருடைய இரு பாதங்களிலும், காலுறை மூடிய பகுதியின் எல்லைக்கு இம்மியும் பிசகாமல், கொப்புளங்கள் நிறைந்திருந்தன. காலுறையின் செஞ்சாயம் 'கொரலின்' எனப்படுவது. தார்தியே அக்காலுறைகளிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்து, நாய், முயல், தவளை ஆகியவற்றின் உடலிற் செலுத்திப் பார்த்தார், அவை இறந்தன. சாயம் நஞ்சு என்று அவர் முடிவு கூறினார்.

ஆயின் வேறு சிலர் தூய கொரலினை எடுத்து விலங்குகளிற் சோதித்தபொழுது தீங்கெதுவும் காணவில்லை. சாயத்துடன் கலந்திருந்த வேறு பொருள்களின்மேல் ஐயம் திரும்பிற்று. இந்தச் சர்ச்சை இன்றும் பயனுடையது. ஒரு சாயத்தின் பெயரைச் சொல்லி, அது தீயதா நல்லதா என்று கேட்பது போதாது. எவ்வகைக் கலப்புடன், எவ்வடிவில், உடலின் எப்பகுதியை, எத்துணை நேரம் அது தொட்டது என்று கேட்டாலன்றி உண்மை புலனாகாது. காலுறையினுள் வியர்வையில் நனைந்து, நாள் முழுவதும் தோலோடு ஒட்டியிருந்த சாயமும் ஆய்வுகூடக் குப்பியில் இருந்த சாயமும் பெயரளவில் ஒன்றாகலாம். உடலைப் பொறுத்தவரை அவை வேறு.

மற்றொன்றையும் ஈண்டு மனங்கொள்ளவேண்டும். காலுறையை அணிந்தவரின் பாதத்திலே கொப்புளம் தோன்றியதும் வைத்தியர் ஆராய்ந்தார், பத்திரிகைகள் எழுதின, விலங்குகள் சோதிக்கப்பட்டன. அச்சாயத்தை ஆக்கியவரின் கைகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. நுகர்வோருடைய தோல், விலை கொடுக்கும் தோல். உழைப்போருடைய தோலோ கூலியோடு சேர்த்து வாங்கப்பட்ட தோல்.

1895ஆம் ஆண்டிலே மருத்துவ உலகில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. யோசேப் யாடாசோன் என்னும் தோல்நோய் வைத்தியர், ஐயத்துக்குரிய பொருளைச் சிறு துணியிலே தடவி நோயாளியின் தோலில் ஒட்டிவைத்து, அவ்விடம் சிவக்கின்றதா என்று பார்க்கும் முறையை எடுத்துரைத்தார். ஒட்டுச் சோதனை எனப்படும் இம்முறை இன்றும் தோல் ஒவ்வாமையைக் கண்டறியும் அடிப்படை முறையாக விளங்குகின்றது. அதே ஆண்டிலே பிராங்பேட் நகரின் சத்திரசிகிச்சை வைத்தியர் லூட்விக் ரேன், பியூசின் ஆக்கும் வேலையில் ஈடுபட்ட 45 தொழிலாளரில் மூவருக்குச் சிறுநீர்ப்பையிற் புற்றுநோய் கண்டிருப்பதை வெளியிட்டார். தோலெரிவும் புற்றுநோயும் வெவ்வேறு. முன்னது மணித்தியாலங்களில் தோன்றும், பின்னது ஆண்டுகள் பல கழிந்தே வெளிப்படும். ஆயினும் இரண்டும் ஒரே வாயிலாலேயே புகுகின்றன. தோலுக்கும் சுவாசத்துக்கும் பாதுகாப்பில்லாத இடத்திலே, எரிச்சல் முதலில் வரும் எச்சரிக்கையாகும். அவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவிடத்து என்ன நேரும் என்பதை அம்மூவரும் உணர்த்தினர்.

இனி, கண்ணின் கதைக்கு வருவோம். பரா பெனிலீன் இரு அமைன் என்பது நிறமற்றதொரு பொருள். காற்றுப்பட்டு ஒட்சியேறும்பொழுது கறுக்கும். 1883இல் பிரான்சிலே இதனை மயிர்ச்சாயமாகப் பயன்படுத்த ஆக்கவுரிமை பெறப்பட்டது. ஜேர்மனியில் 'உர்சோல்' என்னும் பெயரில் விலங்குத் தோலாடைகளுக்குக் கருமையூட்ட அது பயன்பட்டது. அத்தோல்களைச் சாயமிட்டு, உலர்த்தி, அடித்துத் தூசி நீக்கிய தொழிலாளரிடையே தோலரிப்பும் தொய்வும் பெருகின. 1921இல் ஜேர்மானிய வைத்தியர் ஹான்ஸ் கூர்ஷ்மன் 'உர்சோல் தொய்வு' என்றே அந்நோய்க்குப் பெயரிட்டு எழுதினார். தொய்வு நோய்க்கு ஒரு சாயத்தின் பெயரைச் சேர்த்து வழங்கும் அளவுக்கு அத்தொழிலாளரின் துன்பம் அறியப்பட்டிருந்தது.

அறியப்பட்ட பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே வகைப்பட்ட சாயம் ஐக்கிய அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் பெயரில் அழகுநிலையங்களிலே பெண்களின் இமைமயிர்க்கும் புருவத்துக்கும் பூசப்பட்டது. 1933இல் ஒகையோ மாநிலத்துப் பெண்ணொருவர் அதனாற் பார்வையிழந்தார். வேறு பலரின் கண்களும் புண்பட்டன, ஒருவர் இறந்தார். உணவு மருந்து நிருவாகம் அச்சாயத்தைக் கைப்பற்ற இயலாது நின்றது. அப்பொழுது நடைமுறையிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப்பொருள்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. பார்வையிழந்த பெண்ணின் முன்னைய படத்தையும் பின்னைய படத்தையும் அருகருகே வைத்து அதிகாரிகள் கண்காட்சி நடத்தினர். ஐந்து ஆண்டுப் போராட்டத்தின் பின், 1938இல் புதிய சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தினுள்ளும் வணிகத்தின் கை தெரிகின்றது. நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் மயிர்ச்சாயங்களுக்குச் சிறப்பு விலக்கு அளிக்கப்பட்டது. தோலுக்கு எரிச்சலுண்டாக்கலாம், முன்கூட்டியே தோலிற் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்கவேண்டும், இமைக்கும் புருவத்துக்கும் பூசலாகாது என்று புட்டியிற் குறித்துவிட்டால், சாயத்தைக் கைப்பற்ற இயலாது. சோதனை செய்யும் பொறுப்பு இவ்வாறு ஆக்கியவரிடமிருந்து வாங்கியவருக்கு மாற்றப்பட்டது. வாங்கியவராவது புட்டியைக் கண்ணாற் கண்டார். நாள்தோறும் பிறர் தலைக்குச் சாயம் பூசிக் கூலி பெறும் பெண்ணின் விரல்களைப் பற்றி அவ்வெச்சரிக்கை ஒன்றும் கூறவில்லை.

சட்டம் வந்தபின் அளவுகோல் தேவைப்பட்டது. அந்நிருவாகத்தைச் சேர்ந்த ஜோன் டிறைஸ் தம் துணைவர் இருவருடன் 1944இல் வெளியிட்ட முறையே பல பத்தாண்டுகள் உலகெங்கும் வழக்கிலிருந்தது. வெண்முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலீற்றர் பொருளை இட்டு, மற்றக் கண்ணை ஒப்பீட்டுக்கு விட்டு, 24, 48, 72 மணித்தியாலங்களிலும் அதன் பின்னரும் பார்ப்பர். விழியின் முன்புறப் படலம் மங்குவதற்கு 80, கருவிழி பாதிக்கப்படுவதற்கு 10, இமையின் உட்படலம் சிவந்து வீங்குவதற்கு 20, ஆக 110 புள்ளிகள். தோலுக்கு, மயிர் மழித்த முதுகிலே பொருளை இட்டு மூடி வைத்து, சிவப்புக்கு நான்கும் வீக்கத்துக்கு நான்கும் உச்சப் புள்ளிகளாகக் கணக்கிடுவர். அதுவரை வைத்தியரின் கண்மதிப்பாக இருந்ததை எண்ணாக மாற்றியமை இம்முறையின் சிறப்பு. ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிட அது வழிசெய்தது. இதனை நாம் மறுத்தல் கூடாது.

எனினும் அவ்வெண்களும் மனிதர் கண்ணாற் பார்த்து இட்டவையே. 1971இல் வெயில், ஸ்காலா என்னும் இருவர் ஒரே பொருள்களைப் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிச் சோதித்தபொழுது, ஓரிடத்தில் எரிச்சலற்றது எனப்பட்ட பொருள் வேறிடத்திற் கடும் எரிச்சலுடையதாகக் காணப்பட்டது. முயலின் கண் மனிதக் கண்ணைவிடக் குறைவாகவே நீர் சுரந்து கழுவும். மனிதரிடம் இல்லாத மூன்றாம் இமையும் அதற்குண்டு. சாயத்தைச் சோதிக்கும்போது மேலுமொரு தடை எழுகின்றது. சிவப்பைப் பார்த்தே தோலின் எரிச்சலை அளக்கின்றோம். சாயமோ தோலையே நிறமாற்றி விடுகின்றது. செஞ்சாயம் பூசிய தோல் எரிந்து சிவந்ததா, சாயத்தாற் சிவந்ததா என்று எவ்வாறு கூறுவது? சாயம் தன் தீங்கைத் தானே மறைக்கின்றது.

1980இல் ஹென்றி ஸ்பைரா என்பவர், அழகுப்பொருட் கம்பனிகள் முயல்களின் கண்களைக் கெடுப்பதை எதிர்த்து நியூயோர்க் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு இயக்கம் நடத்தினார். முதலிற் கப்பற்றொழிலாளராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தவர் அவர். அவ்வியக்கத்தின் விளைவாகக் கம்பனிகள் மாற்று முறைகளைத் தேடும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க நேர்ந்தது. இன்று, மனிதத் தோற் கலங்களை வளர்த்து ஆக்கிய மெல்லிய தோற்படலத்தின்மேற் பொருளை இட்டுச் சோதிக்கும் முறை உண்டு. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் 2010இல் அதனை ஏற்றது. உயிருள்ள கலங்கள் மஞ்சள் நிறப் பொருளொன்றை ஊதா நிறமாக மாற்றும். அந்நிறத்தின் அடர்த்தியை அளந்து, பாதிக்கு மேற்பட்ட கலங்கள் பிழைத்தனவா என்று கணிப்பர். சோதிக்கப்படும் பொருளும் சாயமாயின், அதன் நிறத்தைத் தனியே அளந்து கழித்தல் வேண்டும். சோதனைக்கும் சாயமே கருவியாயிற்று.

முயலின் கண்ணுக்காக எழுந்த குரலை நாம் குறைகூறவில்லை. உயிரின் துன்பத்தை உணர்வது மனிதப் பண்பு. ஆயின், அழகுப்பொருள் வாங்குவோரின் கண்ணுக்கும் முயலின் கண்ணுக்கும் இடையே, சாயத் தொழிற்சாலையில் நின்றோரின் நுரையீரல் நெடுங்காலம் அளவுகோலின்றியே கிடந்தது என்பதையும் கூறாதிருக்க இயலாது.

நுரையீரலின் கதையைச் சற்று விரிவாக நோக்குவோம். 1954இல் பிரித்தானியாவின் பெரிய இரசாயனக் கம்பனியொன்றில் ராட்டி, ஸ்டீவன் என்னும் இருவர் பருத்தி இழையோடு இரசாயன முறையிற் பிணையும் சாயத்தைக் கண்டனர். 1956இல், பேர்க்கினுடைய கண்டுபிடிப்பின் நூற்றாண்டிலே, அது 'புறோசியன்' என்னும் பெயரிற் சந்தைக்கு வந்தது. அதுவரை சாயங்கள் இழையின்மேல் ஒட்டியோ இழைக்குள் தங்கியோ நின்றன. தாக்குச் சாயமெனத் தக்க இப்புதுவகை இழையின் மூலக்கூறோடு ஒன்றாகிவிட்டது. துவைத்தாலும் வெளுக்காத பருத்தித் துணி எல்லோர்க்கும் கிடைக்கலாயிற்று. இது மெய்யான முன்னேற்றமே.

ஆனால் இழையைப் பற்றும் அதே ஆற்றல் உடலிலுள்ள புரதத்தையும் பற்றும். தூளாக வரும் அச்சாயத்தை அகப்பையால் அள்ளி, நிறுத்து, வாளியிற் கொட்டும்பொழுது எழும் தூசி மூச்சோடு உட்சென்று, உடலின் புரதத்தோடு பிணைந்து, உடலுக்கே அந்நியமான கலவையாக மாறுகின்றது. உடல் அதனைப் பகையென்று எண்ணி எதிர்ப்பொருளை ஆக்குகின்றது. பின்னர், மிகச் சிறிதளவு தூசி பட்டாலும் தும்மலும் இழுப்பும் தொய்வும் தோன்றும். 1978இல் பின்லாந்து ஆய்வாளர் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதினர். 1987இல் பிரித்தானியாவிலே சாயச்சாலைத் தொழிலாளர் 400க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இது ஓரிருவரின் தனிநோயன்று, தொழிலின் நோய் என்பதைத் தெளிவாக்கிற்று. சாயம் சந்தைக்கு வந்து அதற்குள் முப்பத்தோராண்டுகள் கழிந்துவிட்டன. தூளில் எண்ணெய் தெளித்துத் தூசியை அடக்கலாம், மணிகளாகவோ கரைசலாகவோ ஆக்கலாம், நிறுக்குமிடத்தில் காற்றை உறிஞ்சும் குழாய் அமைக்கலாம். இவையனைத்தும் கடினமான தொழில்நுட்பங்கள் அல்ல.

தூசியை அடக்கக் கரைசலே போதும் என்று எண்ணுவோர்க்கு 1992ஆம் ஆண்டு ஒரு கொடிய பாடத்தைத் தந்தது. ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில் அல்கோய் நகரைச் சுற்றிச் சிறிய துணியச்சுப் பட்டறைகள் பல இருந்தன. அங்கே, பெரும்பாலும் இளம் பெண்கள், துப்பாக்கி போன்ற தெளிகருவியாற் சாயக் கலவையைத் துணியின்மேற் புகையாகத் தெளித்தனர். கலவை 'அக்ரமின்' என்னும் பெயருடையது. தூரிகையாலோ பஞ்சாலோ துணியிற் பூசுவதற்கென அமைந்தது. அக்கலவையின் கூறுகள் உண்ணும்பொழுது கடும் நஞ்சாவன எனக் கருதப்படவில்லை. அவ்வாண்டிலே கலவையின் கூறொன்று, தூளாக இருந்ததற்குப் பதிலாகத் திரவமாக மாற்றப்பட்டது. தொழிலாளர் இருமினர், மூச்சுத் திணறினர், நுரையீரல் தழும்பேறி ஆறு பேர் இறந்தனர். 'ஆர்டிஸ்டில்' என்னும் பட்டறையின் பெயரே நோயின் பெயராயிற்று. அதே காலத்தில் அல்ஜீரியாவிலும் அதே கலவையைத் தெளித்தோரிடையே அந்நோய் தோன்றி ஓர் உயிரைப் பறித்தது.

பின்னர் பெல்ஜிய அறிஞர் அக்கூறுகளை நேரே ஹாம்ஸ்டர் எலிகளின் மூச்சுக்குழாயினுட் செலுத்திப் பார்த்தபொழுது, அவற்றின் நுரையீரல் கடுமையாகப் புண்பட்டது. உணவாக உட்சென்றால் பெருந்தீங்கு செய்யாத பொருள், நுண்துளியாக நுரையீரலின் அடியைச் சென்றடையும்பொழுது கொல்லும். ஐந்து மைக்குரோமீற்றரிலும் சிறிய துளிகள் மூக்காலும் தொண்டையாலும் தடுக்கப்படாமல் காற்றறைகள்வரை செல்லவல்லன. அச்சோதனையை முன்னரே செய்ய எந்தத் தடையும் இருந்ததில்லை. கேள்வியைக் கேட்பவர் இருந்ததில்லை. பதினொரு ஆண்டுகளின் பின், 2003இல், நீதிமன்றம் பட்டறை உரிமையாளருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

ஆர்டிஸ்டில் நிகழ்ச்சியை ஒரு பேராசைக்கார முதலாளியின் குற்றமாக மட்டும் கருதினால் நாம் அதனைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதே பொருள். பெரிய கம்பனி கலவையை ஆக்குகின்றது; சிறிய பட்டறை அதனைத் தன் விருப்பப்படி பயன்படுத்துகின்றது; கூலியாள் மூச்சு விடுகின்றார். ஆக்கியவர் 'தெளிக்கச் சொல்லவில்லையே' எனலாம். பட்டறைக்காரர் 'கடையில் விற்றதைத்தானே வாங்கினேன்' எனலாம். பொறுப்பு சிறு சிறு துண்டுகளாகச் சிதறிப்போகும் இத்தகைய உற்பத்தி முறையிலே, சோதனை என்பது பொருளுக்குச் செய்யப்படுகின்றதேயன்றி வேலைக்குச் செய்யப்படுவதில்லை. தோலெரிவையும் கண்ணெரிவையும் முன்கூட்டி அறிய இன்று பல முறைகள் உலகளவில் ஏற்கப்பட்டுள்ளன. சுவாச ஒவ்வாமையை முன்கூட்டி அறிய அத்தகைய ஏற்புடைய சோதனை முறையொன்று இன்னும் இல்லை. இக்குறை தற்செயலானதென்று நாம் கருதவில்லை. தோலும் கண்ணும் வாங்குவோர்க்கும் உண்டு; தூசிநிறைந்த நிறுவையறையில் நிற்கும் நுரையீரல் தொழிலாளருடையது.

1700ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியர் ராமாசினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றித் தனிநூல் இயற்றினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கின்றாய்?' என்பதையும் வைத்தியர் கேட்கவேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தும் அக்கேள்வி பழமையடையவில்லை. சர்வதேசத் தொழில் மாநாடு 1990இல் இயற்றிய இரசாயனப் பொருள் உடன்படிக்கை, தாம் கையாளும் பொருளின் தீங்கை அறியும் உரிமையும், உடனடி ஆபத்து உண்டென நியாயமாகக் கருதினால் அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையும் தொழிலாளருக்கு உண்டென ஏற்றுக்கொண்டது. 2003இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட வகையீட்டு முறையின்படி, சாயப் பெட்டிகளிலே வியப்புக்குறி, நோயுற்ற மார்பு முதலிய குறியீடுகள் இடப்படுகின்றன. முன்னையது எரிச்சலைக் குறிக்கும். மூச்சினால் தொய்வு உண்டாகும் அபாயத்தைப் பின்னையது குறிக்கும். உரிமை ஏட்டிலும் குறியீடு பெட்டியிலும் உள்ளன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவரும், வாசித்தபின் கேள்வி கேட்கும் துணிவுடையவரும், அவருக்குப் பின்னால் நிற்கும் சங்கமும் இருந்தாலன்றி அவை பயன்தரமாட்டா.

ஆசிரியராகிய நமக்கு இதிலே பங்குண்டு. நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளுட் பலர், பள்ளிப்படிப்பை முடித்தோ முடிக்காமலோ, நெசவுச் சாலைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் அழகுநிலையங்களுக்கும் செல்வர். அல்கோயில் இறந்தவர்களும் அவர்களைப் போன்ற இளையோரே. பேர்க்கினின் கத்தரிப்பூ நிறத்தை அப்பிள்ளைகளுக்கு நாம் தொடர்ந்து கற்பிப்போம். மனித அறிவின் அழகிய வெற்றிகளுள் அதுவும் ஒன்று. அதே பாடத்தில், அச்சாயத்தை ஆக்க உதவிய செம்மஞ்சட் பளிங்கு கிளாஸ்கோத் தொழிலாளரின் கைகளிலே இட்ட குழிகளையும் கூறுவோம். ஒரு பொருள் பாதுகாப்பானது என்று எவரேனும் கூறினால், தூளாகவா, கரைசலாகவா, புகையாகவா, எத்தனை மணித்தியாலம், யாருடைய உடலில் அதனைச் சோதித்தீர்கள் என்று கேட்க அவர்களைப் பழக்குவோம்.

சாயத்தைச் சோதித்தவர் யார் என்று தொடக்கத்திற் கேட்டோம். டிறைஸுக்கும் யாடாசோனுக்கும் உரிய இடத்தை வரலாறு அளித்துள்ளது. அவர்களுக்கு முன்னரும் பின்னரும், தம் விருப்பமின்றியும் தமக்கே தெரியாமலும், கைகளாலும் கண்களாலும் மூச்சாலும் சாயத்தைச் சோதித்தவர் தொழிலாளரே. அவர்களுடைய உடல்கள் கண்டறிந்த முடிவுகளைத் தொழிற்சாலை வாயிலுக்குள் கொண்டுசெல்லும் பணி இன்னும் முடியவில்லை.